வலி மாத்திரையும் வாந்தி மாத்திரையும் ஒரே தட்டில் சேரும்போது

என் அண்ணன் திருப்பாதிரிப்புலியூர் வீட்டுத் திண்ணையில் ஒரு நிமிடம்கூட நிலையாக உட்காரவில்லை. உட்காருவார், உடனே எழுவார், தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் ஊன்றுவார், வாசல்வரை நடப்பார், திரும்பி வந்து மறுபடியும் உட்காருவார். உணவுக்குழாயில் புற்றுநோய். வலிக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து மி.கி. மார்ஃபின் போய்க்கொண்டிருந்தது. "வலி தாங்க முடியவில்லை போலிருக்கிறது, பாவம்" என்று அண்ணி அழுதார். கூடுதலாக ஒரு மார்ஃபின் கொடுக்கச் சொன்னது நான்தான். முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தவள் சொன்னால் அண்ணி கொடுக்காமல் இருப்பாரா? அரை மணி நேரத்தில் அண்ணனுக்குக் கண் சொருகியது. ஆனால் கால் நிற்கவில்லை. தூக்கம் தள்ளாட, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த வலி நிவாரண மருத்துவர் அவர் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, வலிக்கிறதா, இல்லை உட்கார முடியவில்லையா?"

"வலி பரவாயில்லை டாக்டர். உள்ளே யாரோ எழுந்திரு எழுந்திரு என்று நெட்டித் தள்ளுகிறார்கள்."

மூன்று நாளில் அதை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மருத்துவர் வீட்டில் இருந்த எல்லா மாத்திரையையும் கொண்டுவரச் சொன்னார். அண்ணி மூன்று பைகளைக் கொண்டுவந்தார். வாந்திக்கென்று இரவில் ஒரு ஹாலோபெரிடால் 1.5 மி.கி., அது அந்த மருத்துவரே எழுதியது. இடையில் வாந்தி கூடியபோது வேறொரு இடத்தில் காட்டி வாங்கிய மெட்டோகுளோப்ரமைடு பத்து மி.கி., மூன்று வேளை. கடையில் 'கேஸுக்கு' என்று கேட்டு வாங்கிய காப்ஸ்யூல், தினமும் காலையில். அந்தக் காப்ஸ்யூல் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு லெவோசல்பிரைடு 75 மி.கி. சேர்ந்திருந்தது. மூன்று பைகள், மூன்று காரணங்கள். ஆனால் மூன்றும் மூளையில் ஒரே வேலையைத்தான் செய்தன: நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் டோபமைன் என்ற பொருளை அடைத்தன. என் அண்ணனை நடக்க வைத்தது அதுதான். நான் அதற்கு மார்ஃபினைக் கூட்டினேன்.

வீட்டில் மார்ஃபினோ அதே வகையைச் சேர்ந்த வேறு ஓபியாய்டு வலி மருந்தோ எடுக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடலூர் முதுநகரிலிருந்து முள்ளோடை தாண்டிப் பாகூர்வரை நான் போய்ப் பார்க்கும் வீடுகளில் மாத்திரை கொடுப்பது பெரும்பாலும் மனைவி, மருமகள், பள்ளிக்கூடம் போகும் பேத்தி. டோஸை மாற்றும் பொறுப்பை உங்கள் தலையில் வைக்க நான் எழுதவில்லை. பார்த்ததைச் சரியாகப் பார்த்து, மருத்துவரிடம் சரியாகச் சொல்வதற்காக எழுதுகிறேன்.

முதலில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அது விளங்கிவிட்டால் மற்றதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நான் பிறந்தது வீராணம் ஏரிப் பாசனத்தில் உள்ள ஒரு சிறிய ஊர். அதனால் இதை எனக்குத் தண்ணீரை வைத்துத்தான் யோசிக்க வரும். மூளைத் தண்டின் மேற்பகுதியில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. அதை ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரியின் மதகுப் பலகையை எந்நேரமும் ஒரு காவல்காரர் அழுத்திப் பிடித்திருக்கிறார். காபா என்ற பொருளைச் சுரக்கும் அணுக்கள்தான் அந்தக் காவல்காரர். மார்ஃபின் நேராக ஏரியில் கை வைப்பதில்லை. காவல்காரரைத் தூங்க வைத்துவிடுகிறது. பிடி தளர்ந்ததும் பலகை உயர்ந்து தண்ணீர் பாய்கிறது. 1992இல் ஜான்சன், நார்த் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலி மூளையின் மெல்லிய துண்டுகளில் மின்முனை வைத்து இதைக் காட்டினார்கள்.

ஹாலோபெரிடால், மெட்டோகுளோப்ரமைடு போன்றவை வேலை செய்வது மதகில் இல்லை. கால்வாய் போய்ச் சேரும் வயலில், ஒவ்வொரு வயலின் மடையிலும் மண்ணைப் போட்டு அடைக்கின்றன. அந்த மடைக்கு டி2 ஏற்பி என்று பெயர். மேலே தண்ணீர் திறந்திருக்கும், கீழே வயல் நனையாது. வயல் காய்கிறது என்ற சேதி மேலே போய், முதல் சில நாட்களில் ஏரி இன்னும் கூடத் திறப்பதும் உண்டு. அதாவது ஒரு மருந்து மேலே திறக்கிறது, மற்றொன்று கீழே அடைக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் மோதிக்கொள்வதில்லை. அதனால்தான் இவற்றைச் சேர்த்துக் கொடுக்க முடிகிறது. சேர்த்துக் கொடுக்கும்போது கவனமும் அதனால்தான் வேண்டியிருக்கிறது.

வலி குறைவது இந்த ஏரியை நம்பி நடப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்ஃபின் வலியை அடக்குவது பெரும்பாலும் முதுகுத்தண்டிலும் மூளைத் தண்டில் உள்ள வேறு அணுக்களிலும். அது வேறு ஆறு. ஆகவே வாந்திக்கு ஹாலோபெரிடால் எழுதினால் "வலி மாத்திரையை இது முறித்துவிடுமோ" என்று பயந்து நிறுத்தாதீர்கள். முறிக்காது. பாகூர் பக்கம் ஒரு வீட்டில் இந்தப் பயத்தால் வாந்தி மாத்திரையை மறைத்து வைத்துவிட்டார்கள். அந்த அம்மா குடித்த மார்ஃபினையும் சேர்த்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த ஏரியிலிருந்து பிரியும் கால்வாய்களில் நாம் கவனிக்க வேண்டியவை சில. ஒன்று ஆசை, ஊக்கம், நிறைவு சார்ந்த பகுதிக்குப் போகிறது. மற்றொன்று உடம்பின் அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதிக்கு. பால் சுரக்கும் ஹார்மோனைக் கட்டுக்குள் வைப்பதும் டோபமைன்தான், ஆனால் அது இந்த ஏரியிலிருந்து வருவதில்லை, வேறொரு சின்னக் குளத்திலிருந்து வருகிறது. கடைசியாக, வாந்தியைத் தூண்டும் ஒரு சின்னப் புள்ளியும் டோபமைனுக்குக் காது கொடுக்கிறது. நான்காம் மூளையறையின் தரையில் இருக்கும் அந்த இடத்தில் இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள வேலி கிடையாது. இரத்தத்தில் என்ன வந்தாலும் மோப்பம் பிடிக்கும். மார்ஃபின் தொடங்கியவர்களில் பலருக்கு முதல் சில நாட்கள் குமட்டல் வருவதற்கு இதுவே முக்கியக் காரணம். அங்கே டி2 மடையை அடைத்தால் குமட்டல் அடங்கும். அதற்காகத்தான் இரவில் ஒரு சின்ன ஹாலோபெரிடால்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், மாத்திரைக்கு எந்த வயலை அடைப்பது என்று தெரியாது. வாந்திக்காகக் கொடுத்தது அசைவின் வயலையும் அடைத்துவிடும். மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளில், டி2 ஏற்பிகளில் ஏறக்குறைய எண்பது சதவீதத்துக்கு மேல் அடைபட்டால் விறைப்பும் நடுக்கமும் கால் பரபரப்பும் தலைகாட்டுகின்றன என்று தெரிந்தது. ஒரு சிறு மாத்திரையில் அந்த அளவு பொதுவாக எட்டாது. என் அண்ணனுக்கு நடந்ததுபோல் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று சேரும்போது எட்டிவிடும். டோம்பெரிடோன் மட்டும் சற்று வேறு மாதிரி. அது மூளையின் வேலியைத் தாண்டி அதிகம் உள்ளே போவதில்லை, வேலி இல்லாத அந்த வாந்திப் புள்ளியில் நின்று வேலை செய்கிறது. நடுக்குவாத நோய் (பார்கின்சன்) உள்ளவர்களுக்கு மெட்டோகுளோப்ரமைடும் ஹாலோபெரிடாலும் கூடாது என்றும், டோம்பெரிடோன் தரலாம் என்றும் மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். வீட்டில் நடுக்குவாதம் உள்ள பெரியவர் இருந்தால் எந்தக் கடையில் எந்த வாந்தி மாத்திரை வாங்கினாலும் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தை எடுங்கள். வீட்டில் அவர் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் அதில் கொட்டுங்கள். ஆஸ்பத்திரி மாத்திரை, கடை மாத்திரை, சாமி அலமாரிக்குப் பின்னால் இருப்பது, தலையணைக்கு அடியில் இருப்பது, 'எப்போதாவது போடுவது' என்று நீங்கள் கணக்கில் சேர்க்காதது, எல்லாம். அட்டையின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், அது நமக்கு உதவாது. பின்பக்கம் பொடி எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அட்டையின் ஓரத்திலிருந்து மாத்திரையைக் கிழித்துக் கொடுத்திருந்தால் பெயர் போயிருக்கும். அப்படி வாங்காதீர்கள், முழுப் பெயர் இருக்கும் துண்டைக் கேட்டு வாங்குங்கள்.

காதில் விழ வேண்டிய பெயர்கள் இவை. வாந்திக்கு: மெட்டோகுளோப்ரமைடு, டோம்பெரிடோன், புரோகுளோர்பெரசின், ஹாலோபெரிடால். தலைச்சுற்றலுக்கு: அதே புரோகுளோர்பெரசின், இன்னும் சின்னரிசின், ஃப்ளூனரிசின். பின்னிரண்டிலும் டோபமைனை அடைக்கும் குணம் ஓரளவு உண்டு, வயதானவர்களிடம் அது தெரியும். வயிற்று உப்புசத்துக்கு: லெவோசல்பிரைடு, இட்டோபிரைடு, அல்லது டோம்பெரிடோன் கலந்த காப்ஸ்யூல். இந்த 'கேஸ்' காப்ஸ்யூல்தான் எல்லா வீட்டிலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. அதை மாத்திரை என்றே யாரும் நினைப்பதில்லை, காபி மாதிரி தினமும் காலையில் போகிறது. மனநலத்துக்கு: ரிஸ்பெரிடோன், ஓலன்சபைன், குளோர்புரோமசின் போன்றவை. ஒண்டன்செட்ரான் இந்தக் குடும்பத்தில் இல்லை. அது செரட்டோனின் என்ற வேறொரு பொருளின் வழியில் வேலை செய்கிறது. ஆனால் மலச்சிக்கலைக் கூட்டும், மார்ஃபின் எடுப்பவருக்கு அது சின்ன விஷயமில்லை.

தாம்பாளத்தில் இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால் அது எழுதப்பட்ட சீட்டைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இருந்தால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். எதை நிறுத்துவது என்பதை அவர் சொல்லட்டும்.

ஓபியாய்டு பக்கமும் பாருங்கள். மார்ஃபின், ஃபென்டனில் ஒட்டுப்பட்டை, டிரமடால், டேபென்டடால், கோடின் கலந்த இருமல் மருந்து எல்லாம் ஒரே குடும்பம். டிரமடால் குணத்தில் சற்று வேறு. அது செரட்டோனினையும் கூட்டுகிறது, வலிப்பு வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது. மனநல மருந்துகளில் பலவும் வலிப்பின் வாசலைத் தாழ்த்துபவை. இரண்டும் சேரும்போது ஆபத்து கூடும். இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கோடினும் டிரமடாலும் கல்லீரலில் ஒரு நொதி வழியாக மாறிய பிறகுதான் முழு வலி நிவாரணம் தரும். ஹாலோபெரிடால் அந்த நொதியை மந்தமாக்கக்கூடும். 'டிரமடால் கேட்கவே இல்லை' என்று கூடுதல் மாத்திரைக்குப் போகும் முன் இதை மருத்துவரிடம் நினைவுபடுத்துவது நல்லது. மார்ஃபினுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இப்போது இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். நோயாளி நிலைகொள்ளாமல் இருக்கிறார். அது எதனால்? ஐந்து காரணங்களாவது இருக்கலாம். ஐந்துக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்கு மார்ஃபினைக் கூட்ட வேண்டும், மற்றொன்றுக்குக் குறைக்க வேண்டும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

கையால் தொட்டுக் காட்டுகிறாரா என்று முதலில் பாருங்கள். வலி உள்ளவர் பெரும்பாலும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வார், அசையாமல் இருக்கப் பார்ப்பார், அசைந்தால் முகம் சுளிப்பார். மருந்து போட்டு ஒரு மணி நேரத்தில் தணிவார், அடுத்த வேளை நெருங்கும்போது மறுபடியும் கூடும். டோபமைன் அடைபட்டதால் வரும் பரபரப்பு அப்படி இல்லை. அவர் பாதத்தைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது குதிகால் தாளம் போடும், முழங்கால் ஆடும், ஒரு காலை மற்றொன்றின் மேல் போட்டு உடனே எடுப்பார். நடந்தால் ஒரு கணம் ஆறுதல், நின்றால் மறுபடியும் நெட்டித் தள்ளல். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் விரல் எங்கும் போகாது. "எப்படியோ இருக்கிறது", "உடம்புக்குள் எறும்பு ஊர்கிறது", "செத்துவிடலாம் போலிருக்கிறது" என்று வார்த்தை வரும். கடைசி வார்த்தையை வெறும் புலம்பல் என்று விடாதீர்கள். இந்த அவதி உண்மையிலேயே மனிதரை அந்த எல்லைக்குத் தள்ளும். பெரும்பாலும் புதிய மாத்திரை தொடங்கிய, அல்லது அளவு கூடிய சில நாட்களில் இது வரும். நோட்டில் தேதி எழுதியிருந்தால் ஒரு பார்வையில் பிடிபட்டுவிடும்.

கண் மூடித் தூங்கும்போது கையோ காலோ திடீரென்று வெட்டி வெட்டி இழுத்தால் அது வேறு. மார்ஃபின் உடைந்து வரும் கழிவுகள் உடம்பில் தேங்கும்போது அப்படி நடக்கும், முக்கியமாகச் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு. சிறுநீர் குறைந்திருக்கிறதா, தண்ணீர் குடிக்கிறாரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இங்கே மார்ஃபினைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். மார்ஃபின் தீர்ந்துபோய் இரண்டு வேளை விட்டுப்போயிருந்தால் வருவது இன்னொன்று: கொட்டாவி, மூக்கில் நீர், மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, கூடவே பரபரப்பு. ஊர்த் திருவிழா, பஸ் இல்லை, ஆஸ்பத்திரி விடுமுறை என்று மாத்திரை வாங்கப் போக முடியாத நாட்களில் இதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு, ஆள் மாறிப் பேசுவது, இரவைப் பகல் என்பது, சுவரில் எதையோ பார்ப்பது, இது மனக்குழப்பம். காய்ச்சலோ நீர்ச்சத்துக் குறைவோ மருந்தோ எதுவும் காரணமாக இருக்கலாம், கட்டிய மலம்கூட. சில சமயம் நிறைந்த மூத்திரப்பை மட்டும்தான் காரணமாக இருக்கும். அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள்.

என் அண்ணனிடம் அந்த மருத்துவர் கேட்ட கேள்வியை நீங்களும் அப்படியே கேளுங்கள். வலிக்கிறதா, இல்லை உட்கார முடியவில்லையா? பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.

ஓபியாய்டுக் குடும்பத்து ஃபென்டனிலும் டோபமைனை அடைக்கும் ஹாலோபெரிடாலும் ஒரே வீட்டில் பிறந்தவை என்பது பலருக்குத் தெரியாது. பெல்ஜியம் நாட்டில் பால் யான்சென் என்ற மருத்துவர், பெத்திடின் என்ற வலி மருந்தின் அமைப்பை மாற்றி மாற்றி இன்னும் வீரியமான வலி மருந்தைத் தேடிக்கொண்டிருந்தார். அப்படிச் செய்த ஒன்றைச் சுண்டெலிக்குக் கொடுத்தபோது அது முதலில் மார்ஃபின் கொடுத்த எலிபோல் நடந்துகொண்டது. அந்த விளைவு இறங்கியதும் மனநோய் மருந்து கொடுத்த எலிபோல் உறைந்து உட்கார்ந்தது. ஒரே மூலக்கூறில் இரண்டு குணம். இரண்டாவது குணத்தைப் பிரித்து வளர்த்ததில் 1958இல் ஹாலோபெரிடால் வந்தது. முதல் குணத்தைத் தேடிப்போன வழியில் 1960 வாக்கில் ஃபென்டனில் வந்தது. பிறகு அறுவை சிகிச்சையின்போது ஃபென்டனிலையும் ஹாலோபெரிடாலின் தம்பியான டிரோபெரிடாலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். நோயாளி விழித்திருப்பார், பேசினால் பதில் சொல்வார், எதைப் பற்றியும் கவலைப்படாதவர்போல் அமைதியாகக் கிடப்பார். அவர்களில் சிலர் பின்னால் சொன்னதுதான் முக்கியம்: வெளியே அமைதி, உள்ளே தாங்க முடியாத கலவரம், சொல்லத்தான் முடியவில்லை. மார்ஃபினும் டோபமைன் அடைக்கும் மருந்தும் சேர்ந்த ஒருவர் அசையாமல் படுத்திருந்தாலும், நலமாக இருக்கிறார் என்று முடிவு கட்ட வேண்டாம். விழித்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

தூக்கம் இரண்டிலும் வரும், சேர்ந்தால் கூடும். மூச்சை அடக்குவது முக்கியமாக ஓபியாய்டுதான். அதோடு தூக்க மாத்திரையோ சாராயமோ சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. புதுச்சேரி எல்லைக்கு அந்தப் பக்கம் போய்க் குடித்துவிட்டு வரும் ஆண்கள் உள்ள வீடுகளில் நான் இதைக் கூச்சப்படாமல் கேட்கிறேன். மார்ஃபின் எடுக்கும்போது மது கூடாது. மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள்: அவர் தூங்கும்போது வயிற்றின் மேல் கையை லேசாக வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம். பன்னிரண்டுக்கு மேல் இருந்தால் நிம்மதி. எட்டுக்குக் கீழே இறங்கி, தோளைத் தட்டிக் கூப்பிட்டாலும் எழவில்லை, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்றால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். அதற்கு நலாக்சோன் என்ற முறிவு ஊசி இருக்கிறது. அது ஓபியாய்டைத்தான் விலக்கும், ஹாலோபெரிடாலை விலக்காது. அதனால் என்னென்ன மாத்திரை என்று எழுதிய நோட்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

உடனே ஓட வேண்டிய வேறு இரண்டு நிலைகள். கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொள்வது, தாடை இறுகுவது, கண் மேலே ஏறி நிலைத்துவிடுவது. வாந்திக்கு ஊசி போட்ட ஒன்றிரண்டு நாட்களுக்குள், முக்கியமாக இளவயதினருக்கு இது வரும். பார்ப்பவர்கள் வலிப்பு என்பார்கள், சிலர் பேய் என்று வேப்பிலை அடிக்கப் போவார்கள். ஆஸ்பத்திரியில் புரோமெத்தசின் போன்ற ஊசி போட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் விட்டுவிடும். மற்றொன்று, கடும் காய்ச்சலோடு உடம்பு மரக்கட்டையாக விறைத்து, நினைவு தடுமாறுவது. இது அரிது. ஆனால் உயிரைப் பறிக்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக்கூடாது.

இதயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஹாலோபெரிடால், டோம்பெரிடோன், ஒண்டன்செட்ரான், ஓபியாய்டுகளில் மெத்தடோன், இவை ஒவ்வொன்றும் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் ஒரு இடைவெளியை நீட்டக்கூடியவை. இரண்டு மூன்று சேர்ந்தால் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் மெட்டோகுளோப்ரமைடை ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம் என்றும், 2014இல் டோம்பெரிடோனைப் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் வரையறுத்தது. நோய் முற்றியவர்களுக்கு மருத்துவர் எடைபோட்டு நீட்டித்துத் தரலாம். கடையில் நாமாக வாங்கி மாதக்கணக்கில் போடுவதற்கு அந்த நியாயம் இல்லை.

மலச்சிக்கலும் உண்டு. மார்ஃபினின் குமட்டல் பெரும்பாலும் ஒரு வாரத்தில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகவே பழகாது. மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். வயிறு முறுக்கி வலித்து, காற்றும் பிரியாமல் உப்பியிருந்தால் மெட்டோகுளோப்ரமைடு கொடுக்காதீர்கள். அது குடலைத் தள்ளும் மருந்து, குடல் அடைத்திருந்தால் தள்ளுவதற்கு வழி இருக்காது.

மனநோய்க்குப் பல வருடமாக மருந்து எடுப்பவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேரும்போது, குடும்பத்தினர் அந்த மருந்தைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். வலி மருந்தின் தேர்வும் அளவும் அதைப் பொறுத்தது. நீங்களாக அதை நிறுத்தவும் வேண்டாம். க்ளோசபைன் எடுப்பவரானால் மலச்சிக்கலை இரட்டிப்புக் கவனத்தோடு பாருங்கள், அதில் குடலே நின்றுபோகும் அபாயம் உண்டு. படுக்கையிலிருந்து எழுப்பும்போது முதலில் உட்கார வைத்து, இரண்டு நிமிடம் கழித்து நிற்க வையுங்கள். வலி மருந்து, மனநோய் மருந்து இரண்டுமே எழும்போது இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கக்கூடும்.

"அடிமையாகிவிடுவாரா?" என்று எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். சிலர் ஒருபடி மேலே போய், டோபமைனை அடைக்கும் மாத்திரை கொடுத்தால் அடிமையாகாமல் தடுக்கலாமே என்றும் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான், ஆராய்ச்சியாளர்களும் கேட்டார்கள். 1980களில் எலிகளில் செய்த சோதனையில் டோபமைனை அடைத்தபோது கொக்கைனை நாடும் நடத்தை மாறியது, ஹெராயினை நாடுவது பெரிதாக மாறவில்லை. ஓபியாய்டுக்கு மதகைத் திறக்கும் வழி தவிர வேறு வழிகளும் இருக்கின்றன. ஆகவே அதற்காக இந்த மாத்திரையைக் கொடுப்பதில்லை. புற்றுநோய் வலிக்கு, கண்காணிப்போடு, சரியான அளவில் மார்ஃபின் எடுப்பவர்களிடம் அந்தப் பயம் வலியைத் தீர்க்காமல் விடுவதற்குக் காரணமாக இருக்கக்கூடாது.

நோட்டைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நாற்பது பக்கப் பள்ளி நோட்டு போதும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். இடது ஓரத்தில் மணி: ஆறு, பத்து, இரண்டு, ஆறு, இரவு பத்து. பல இடங்களில் இரவு பத்து மணி வேளையை இரட்டிப்பாக எழுதிக் கொடுப்பார்கள், நடுராத்திரியில் எழுப்ப வேண்டாமே என்று. உங்கள் சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படி. பக்கத்தில் மாத்திரையின் பெயர், பிறகு வலி எத்தனை, வாந்தி எத்தனை முறை, மலம் போனதா, கால் எப்படி. 'கால் எப்படி' என்ற அந்த வரியை நான்தான் சேர்த்தேன், இப்போது எல்லா வீட்டு நோட்டிலும் எழுத வைக்கிறேன்.

போனில் மருத்துவரிடம் பேசும்போது "ரொம்பக் கஷ்டப்படுகிறார்" என்று தொடங்க வேண்டாம். "செவ்வாய்க்கிழமை புது வாந்தி மாத்திரை, வியாழக்கிழமையிலிருந்து உட்காரவில்லை, வலி இல்லை என்கிறார், மூச்சு நிமிடத்துக்குப் பதினாறு" என்று சொல்லுங்கள். மற்றதை அவர் கேட்டுக்கொள்வார்.

அண்ணனுக்குக் காப்ஸ்யூலையும் மெட்டோகுளோப்ரமைடையும் நிறுத்தினார்கள். ஹாலோபெரிடாலையும் சில நாள் விட்டுவிட்டு, வாந்திக்கு வேறு வழி பார்த்தார்கள். மார்ஃபின் பழைய அளவுக்கே திரும்பியது. மாத்திரைகளை நிறுத்திய நான்காம் நாள் சாயங்காலம் நான் போனபோது திண்ணையில் காலை நீட்டி, தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். நான் முதலில் பார்த்தது அவர் பாதங்களைத்தான். அசையவில்லை. "என்ன பாப்பா, என் காலையே பார்க்கிறாய்?" என்றார். அடுத்த இரண்டு மாதமும் அவர் அந்தத் திண்ணையில்தான் சாயங்காலங்களைக் கழித்தார்.

மீந்த மார்ஃபின் மாத்திரைகளை வீட்டில் வைத்திருக்கக்கூடாது, பக்கத்து வீட்டு வலிக்குக் கொடுக்கவும் கூடாது. எண்ணி, நோட்டில் குறித்து, கொடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நானும் அண்ணியும் அதைத்தான் செய்தோம். இருபத்தேழு மாத்திரைகள் இருந்தன.